கை நிற்கும் இடம்

துவாரகா, புது தில்லி
11.2.2024

அன்புத் தம்பி ஐயப்பனுக்கு,

அக்கா மேகலா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். தில்லிக் குளிர் இந்த வாரம்தான் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. நீ, ராஜாத்தி, குட்டி அம்பிகா மூவரும் சௌக்கியம்தானே?

வாட்ஸ்அப் இருக்கும்போது இன்னும் எதற்குத் தபால் என்று உன் அத்தான் கேலி செய்கிறார். வாட்ஸ்அப்பில் நீ எழுதுவது "சரி", "சாப்பிட்டாச்சு", அப்புறம் ஒரு கட்டைவிரல். கடிதத்தில்தான் நீ பேசுகிறாய். காது கேளாதோர் பள்ளி விடுதியில் நீ இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். பழக்கத்தை விட எனக்கு மனசில்லை.

இப்போது நல்ல செய்தி. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டிக்கு ஃபைபர் நெட் வந்துவிட்டது. எல்லாக் கட்டடங்களுக்கும் ஒரே கம்பெனி. "இருநூறு எம்.பி. வரை" என்று வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்கள். உன் அத்தான் ஏர்போர்ட் டியூட்டி முடிந்து வந்ததும் சட்டை கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்து வேகத்தை அளந்து பார்க்கிறார். நூற்றெண்பது, நூற்றுத் தொண்ணூறு என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எனக்குச் சொல்கிறார்.

எனக்கு அதில் வேண்டியது ஒன்றுதான். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு நாம் பேசும்போது உன் கை பாதியில் நிற்கக் கூடாது. போன மாதம் "மாமா வீட்டுக்குப் போனோமா" என்று கையால் தொடங்கினாய். படம் உறைந்தது. திரும்ப வந்தபோது ராஜாத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். மாமா வீட்டில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மற்றவர்களுக்குக் குரல் விட்டுவிட்டு வந்தாலும் ஊகித்துக்கொள்வார்கள். கை நின்றால் நமக்கு எல்லாமே நின்றுவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வா. கதையை மறுபடி முதலிலிருந்து சொல்.

எல்லோருக்கும் என் அன்பு.
மேகலா


சிவகாசி
26.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஐயப்பனின் வணக்கம். நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். அத்தானை விசாரித்ததாக எழுதச் சொல்லி ராஜாத்தி பேனாவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை படம் கண்ணாடி மாதிரி இருந்தது. உன் மூக்குத்தியில் விளக்கு மின்னியது கூடத் தெரிந்தது. நீ இளைத்திருக்கிறாய். இனி அதையும் என்னிடம் மறைக்க முடியாது. மாமா வீட்டுக் கதைக்கு நீ சிரித்த சிரிப்பில் அத்தான் சமையலறையிலிருந்து ஓடி வந்தாரே, அதைப் பார்த்து அம்பிகா இன்னும் நடித்துக் காட்டுகிறாள்.

அச்சகத்தில் கட்டிங் மெஷின் என் பொறுப்பில்தான் ஓடுகிறது. நோட்டுப் புத்தக வேலை மலையாகக் குவிந்திருக்கிறது. மெஷின் ஓடுவது எனக்குக் காலடியில் தெரியும். கத்தி மழுங்கினால் தரை வேறு மாதிரி அதிரும். உடனே போர்மேனைக் கூப்பிடுவேன்.

போன வாரம் விருதுநகரில் எங்கள் சங்கக் கூட்டம். மதுரைக்காரர் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, "நிறுத்துப்பா, என் கண்ணு பின்னாலேயே ஓடி வர முடியல" என்று காட்டினார். சங்கத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் எக்ஸ்பிரஸ் ரயில். தலைக்கனம் என்கிறாள் ராஜாத்தி. இருக்கட்டுமே. நன்றாகப் பாடுகிறவனுக்குத் தன் தொண்டையைப் பற்றிப் பெருமை இருக்காதா?

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி,
ஐயப்பன்


துவாரகா
14.4.2024

அன்புத் தம்பிக்கு,

உங்கள் மூவருக்கும் புத்தாண்டு வாழ்த்து. காலையில் மாங்காய்ப் பச்சடி செய்தேன். இங்கே வேப்பம்பூ கிடைக்கவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? மார்ச் மாத நடுவிலிருந்து நீ திரையில் வரவே இல்லை. "வேலை அதிகம்" என்று ஒரு வரி. நான் போட்ட கடிதத்துக்கும் பதில் இல்லை. ராஜாத்திதான் வருகிறாள். அவளும் என் கண்ணைப் பார்க்காமல் அவசர அவசரமாகப் பேசுகிறாள்.

அதிலும் பாதி வந்து சேர்வதில்லை. ஐ.பி.எல். தொடங்கியதிலிருந்து எட்டு மணி ஆனால் ராஜாத்தியின் கை காற்றில் அப்படியே நிற்கிறது. கம்பெனிக்குப் புகார் கொடுத்தேன். ஒரு டெக்னீஷியன் காலை பதினோரு மணிக்கு வந்தான்.

"மேடம், தேக்கியே, ஒன் நைன்ட்டி ஆ ரஹா ஹை. லைன் ஏக்தம் டீக்!" நூற்றுத் தொண்ணூறு வருகிறதாம், லைன் நன்றாகத்தான் இருக்கிறதாம்.

"இது காலை நேரம். எட்டு மணிக்கு வந்து பாருங்க," என்று இந்தியில் சொன்னேன்.

இரவில் டியூட்டி இல்லையாம். ஆனால் நல்ல மனுஷன். புகார்ச் சீட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினான். வெளியிலிருந்து ஒரே ஒரு இழை வருகிறது. கீழே ஒரு பெட்டியில் அது வீடு வீடாகப் பிரிகிறது. காலையில் யாரும் இல்லாததால் முழு வேகமும் எனக்கு. இரவில் எல்லோரும் மேட்ச் பார்க்கிறார்கள், எல்லோருக்கும் பங்கு.

"அப்படியானால் மற்றவங்க ஏன் புகார் பண்ணல?" என்று கேட்டேன்.

மேட்ச் ஓடும் ஆப் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். நடுவில் லைன் இழுத்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. "உங்க பேச்சு இன்னும் நடக்கவே இல்லையே, மேடம். எதை முன்கூட்டி எடுத்து வைப்பது?" என்றான். நீ இன்னும் பேசாததை எப்படிச் சேர்த்து வைப்பார்கள்? சரிதானே?

எங்கள் சொசைட்டி செயலாளர் வேதாந்தம் சார் தஞ்சாவூர்க்காரர், மத்திய அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் கம்பெனியைக் கொண்டுவந்ததே அவர்தான். அவரிடம் போனேன். "பாருங்கோ மேகலா, டெஸ்ட்ல நூத்தித் தொண்ணூறு வர்றது. இதுக்கு மேல என்ன வேணும்? உங்க மனசுக்குத்தான் ஸ்லோவா தெரியறது," என்று அனுப்பிவிட்டார்.

மனசுக்காம்! நான் விடப்போவதில்லை. நீ எழுது.

அக்கா,
மேகலா


சிவகாசி
12.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். அத்தான் நலமா?

டைப் அடித்த கடிதம் என்று ஆச்சரியப்படாதே. அச்சகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் தமிழ் டைப்பிங் பழகுகிறேன். பழக வேண்டுமென்றால் எதையாவது அடிக்க வேண்டும் அல்லவா?

போன இரண்டு ஞாயிறும் நான் வந்தேன். நான் சொன்னதில் பாதிதான் வந்தது, கை நின்று நின்று தெரிகிறது என்று சொன்னாய். உன் பக்கத்து நெட் அப்படி இருக்கிறது. எனக்கு உன் படம் ஓரளவு வருகிறது. லைன் சரியாகும்வரை திரையில் வேண்டாம், எழுதிக்கொள்வோம். அதற்காகப் போய் யாரிடமும் சண்டை போடாதே.

வெயில் அதிகம். தண்ணீர் நிறையக் குடி.

ஐயப்பன்


துவாரகா
9.6.2024

அன்புத் தம்பிக்கு,

நலமா? இங்கே வெயில் அடிப்பதைப் பார்த்தால் நெருப்பு மழைதான். குழாயைத் திறந்தால் காப்பி போடலாம் போல் வெந்நீர் வருகிறது. மற்றபடி நாங்கள் சுகம்.

சண்டை போடாதே என்றாய். போட்டுவிட்டேன்.

ஐ.பி.எல். முடிந்தால் சரியாகிவிடும் என்றார்கள். முடிந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை வந்தது, வீட்டுக்கு வீடு நாலு திரை. போன ஞாயிறு சாயங்காலம் சொசைட்டியின் பொதுக்கூட்டம். கடைசியில் "வேறு ஏதாவது?" என்று வேதாந்தம் சார் கேட்டதும் எழுந்து நின்றேன். அத்தான் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். உட்காரவில்லை.

"நெட்டா? அது ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கே!" என்றார் சார். கூட்டத்தில் பலரும் ஹாங் ஜீ, ஹாங் ஜீ என்று ஆமாம் போட்டார்கள்.

எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டேன். "சார், கனடாவில இருக்கிற உங்க பையன்கிட்ட வீடியோவில எப்போ பேசுவீங்க?"

"காத்தால ஆறு மணிக்கு. ஏன்?"

"அவருக்கு அது சாயங்காலம், வேலை முடிஞ்சு களைச்சுப் போய் வர்ற நேரம். நம்ம ராத்திரியில பேசினா அவருக்குக் காலை, சௌகரியமா இருக்குமே?"

"ராத்திரி சரியா வராது. விட்டு விட்டு..." என்று சொன்னவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு ஒரு சர்தார்ஜி அம்மா கை தூக்கி, தன் பெண்ணிடம் தானும் காலையில்தான் பேசுவதாகச் சொன்னார். ஒருவர் ஆபீஸ் மீட்டிங்கை மொபைல் டேட்டாவில் நடத்துகிறாராம். எல்லோரும் தங்கள் பாட்டுக்கு நேரத்தை மாற்றிக்கொண்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

நான் இந்தியில் சொன்னேன்: "என் தம்பிக்குக் காது கேட்காது. கைதான் எங்கள் பேச்சு. ஞாயிறு எட்டு மணிதான் அவன் எனக்குக் கிடைக்கும் நேரம். நானும் உங்களைப் போலத்தான் காசு கட்டுகிறேன்." கை தட்டினார்கள். நான் நிமிர்ந்துதான் நின்றேன். எல்லோர் பெயரிலும் புகார் போகிறது.

இதைவிட முக்கியமானது இனிமேல். கூட்டம் முடிந்து லிஃப்டுக்கு நிற்கும்போது ஒரு பெண் ஓடி வந்தாள். பெயர் ரோஹிணி, அடுத்த கட்டடம். தில்லியிலேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. அவள் மகள் மேதாவுக்கு மூன்றரை வயது, காது கேட்காது. இத்தனை நாள் அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொல்லவில்லையாம். "கையால பேச விட்டா வாயால பேசவே மாட்டான்னு வீட்ல பயமுறுத்தினாங்க, ஆன்ட்டி. அவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியல. அழறா. நானும் அழறேன்," என்றாள். உன்னைப் பற்றிச் சொன்னேன். வாரத்துக்கு ஒருநாள் திரையில் உன்னால் அவளுக்கும் குழந்தைக்கும் சொல்லித்தர முடியுமா? எக்ஸ்பிரஸ் ரயிலை விட்டால் வேறு யார்?

பதில் போடு.
மேகலா


சிவகாசி
30.6.2024

அக்காவுக்கு வணக்கம்.

எல்லோரும் சுகம். அந்தக் குழந்தையைப் பற்றிப் படித்து வருந்தினேன். என்னால் முடியாது. தில்லியிலேயே முறையாகச் சொல்லித்தரும் இடங்கள் இருக்கும், விசாரிக்கச் சொல். என்னைப் பற்றி யாரிடமும் இனிப் பெரிதாகப் பேச வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம்.
ஐயப்பன்


துவாரகா
22.7.2024

அன்புத் தம்பி,

நாங்கள் சுகம். மழை வந்துவிட்டது.

உன் கடிதம் கிடைத்தபோது கோபம் வந்தது. பதில் எழுதாமல் இருந்தேன். அதற்குள் கம்பெனி ஆட்கள் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். இரண்டு கட்டடங்களை ஒரே இழையில் தொங்கவிட்டிருந்தார்களாம். எங்கள் கட்டடத்துக்குத் தனி இழை இழுத்துவிட்டார்கள். உன் அத்தான் ரௌட்டரை டி.வி. அலமாரிக்குள் வைத்துப் பூட்டி மேலே பிள்ளையாரை வைத்திருந்தார். அதையும் வெளியே எடுத்தேன். சனிக்கிழமை இரவு வேதாந்தம் சார் கனடாவோடு பேசிவிட்டுப் படியேறி வந்து கதவைத் தட்டினார். "நன்னா வர்றது மேகலா. பேரனுக்குப் பல்லு முளைச்சிருக்கறது தெரியறது," என்று சொல்லிவிட்டு விறுவிறு என்று போய்விட்டார்.

அதனால்தான் நேற்று உன்னை விடாமல் கூப்பிட்டேன். நீ வந்தாய். பேசினாய். உன் கை நடுவில் நின்றது. மறுபடி தொடர்ந்தது. மறுபடி நின்றது.

"படம் இன்னும் நிக்குது, அப்புறம் பேசலாம்," என்று சொல்லி நான்தான் அணைத்தேன்.

பொய் சொன்னேன், ஐயப்பா. படம் நிற்கவில்லை. உனக்குப் பின்னால் அம்பிகா கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். கயிறு ஒரு சுற்றுக்கூட நிற்காமல் சுழன்றது. அவள் பின்னல் குதித்தது. ஃபேன் ஓடியது. உன் கை மட்டும் நின்றது.

இத்தனை மாதமாக நெட் என்று நினைத்துக்கொண்டு நான் ஊரைக் கூட்டிச் சண்டை போட்டேன். உன் முகத்துக்கு நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, கையும் வரவில்லை. இங்கே கேட்கிறேன். உன் கைக்கு என்ன ஆயிற்று?

உன் அக்கா


சிவகாசி
11.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஐயப்பன் வணக்கம். மற்ற எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள்.

மார்ச் மாதம் கட்டிங் மெஷினில் கத்தி மாற்றிக்கொண்டிருந்தேன். எத்தனையோ தடவை செய்த வேலை. துணி சுற்றிக் கழற்றும்போது கத்தி நழுவியது. விழவிடாமல் பிடித்தேன். யார் மேலும் தவறு இல்லை. வலது உள்ளங்கை குறுக்கே அறுந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன். நரம்பு என்று எல்லோரும் சொன்னார்கள். விரலை மடக்கும் தசைநாண் என்று டாக்டர் தாளில் எழுதிக் காட்டினார். தைத்துவிட்டார்கள். அடிபட்ட இரண்டு விரல்களும் மடங்குகின்றன, ஆனால் நான் சொன்ன பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு மடங்குகின்றன. பயிற்சி செய்கிறேன். இதற்கு மேல் பெரிதாக மாறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மெஷினுக்கு இனி நான் இல்லை. முதலாளி கம்ப்யூட்டர் பிரிவில் உட்கார வைத்தார். இடது கையால் டைப் அடிக்கிறேன்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் அடுத்த ரயிலில் வந்துவிடுவாய். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். என் கையை நீ பிடித்துக்கொண்டால் நான் எப்படிப் பேசுவது? ஆஸ்பத்திரியில் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். பரிதாபமாகப் பிடித்துக்கொண்டு என்னை ஊமையாக்கினார்கள். ராஜாத்தி ஒருத்திதான் எட்டி நின்று, "இடது கையால சொல்லு, நான் பார்க்கிறேன்" என்றாள்.

சங்கக் கூட்டத்துக்கு நான் போவதில்லை. எக்ஸ்பிரஸ் ரயில் என்று அழைத்தவர்கள் முன்னால் திக்கித் திக்கிப் பேச முடியாது. முதல் தடவை நீ "படம் நிற்கிறது" என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? ஆமாம், நெட்தான் என்று தலையாட்டினேன். உன் லைன் சரியானது என்று தெரிந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒளிந்துகொள்ள இருந்த ஒரு இடத்தையும் நீ பறித்துவிட்டாய்.

அந்தக் குழந்தைக்கு ஏன் முடியாது என்றேன் என்று இப்போது புரிந்திருக்கும். பேச்சுக்கே வந்திராத பிள்ளைக்குத் திக்குவாய்க்காரனை வாத்தியாராக வைப்பார்களா?

அத்தானிடம் நீயே சொல்லிவிடு.
ஐயப்பன்


துவாரகா
20.8.2024

என் தம்பிக்கு,

உன் அத்தானும் நானும் உடம்பால் சுகம். உன் கடிதம் வந்த அன்று ரயில் டிக்கெட் எடுத்தேன். இரண்டாம் தடவை படித்தேன். டிக்கெட்டை ரத்து செய்தேன். அத்தான் கடிதத்தைப் படித்துவிட்டுப் பால்கனியில் போய் நின்றார்.

கையைப் பிடிக்க வரமாட்டேன். ஆனால் ஞாயிறு எட்டு மணிக்கு நீ வந்தாக வேண்டும். நீ திக்கினால் நான் காத்திருப்பேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. பேச்சு வராத வயதில் நீ என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கூப்பிடுவாயே, அதைவிடவா இது கஷ்டம்?

ரோஹிணி விஷயம். உன் பதில் வந்த பிறகு நானே சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் நம் வீட்டுக் கைப்பேச்சு. நம்முடைய "தோசை"யைக் கற்றுக்கொடுத்தேன். மெட்ரோவில் பார்த்த காது கேளாத பெண் ஒருத்தியிடம் அவள் அதைக் காட்டினாளாம். "இஸ்திரி போடணுமா?" என்று அந்தப் பெண் கேட்டாளாம். என்னை நம்பினால் அந்தக் குழந்தை கெட்டுவிடும்.

உன் கையைப் பற்றி ரோஹிணியிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அது நீ சொல்ல வேண்டியது, அதனால் நான் சொல்லவில்லை. அவளிடம் நீயே சொல். திக்குவாய் வேண்டாம் என்று அவள் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். அவளுக்குப் பதில் நீ சொல்லாதே. இதைக் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

ராஜாத்திக்கு என் தனி அன்பு. அவள் எட்டி நின்றதற்கு.

மேகலா


துவாரகா
20.10.2024

அன்புத் தம்பிக்கு,

சௌக்கியமா? இங்கே காற்று கெட ஆரம்பித்துவிட்டது, தொண்டை கரகரக்கிறது. வாரா வாரம் திரையில் பார்ப்பதால் நீயும் நானும் கடிதத்தை மறந்தே போனோம். ஆனால் இன்று நடந்ததைத் திரையில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீ அதைப் பார்ப்பாய். அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் நீ ஒப்புக்கொண்டு நடத்திய முதல் வகுப்பில் ரோஹிணியிடம் வலது கையைக் காமிரா முன் நீட்டி, தையல் தழும்பைக் காட்டி, நடந்ததைச் சொன்னாய். நான் அவளுக்கு அதைத் தமிழில் எடுத்துச் சொன்னேன். அவளோ, "ஆன்ட்டி, அவர் நிறுத்தி நிறுத்தி சொல்றதாலதான் எனக்குப் பிடிச்சுக்க முடியுது. ஜல்தி ஜல்தி பண்ணினா நான் ஃபெயில்," என்றாள். உன் முகத்தில் சிரிப்பு வரவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்தாய் போல.

இந்த ஐந்தாறு வாரமும் மேதா திரையையே பார்ப்பதில்லை, நாற்காலிக்கு அடியில் தவழ்கிறாள் என்று உனக்கு வருத்தம். கேள்.

இன்று காலை எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் லிஃப்டில் நான், ரோஹிணி, மேதா, கூடவே வேதாந்தம் சார், கையில் தண்ணீர் பாட்டிலோடு. மேதா அண்ணாந்து பாட்டிலைப் பார்த்தாள். அம்மாவின் சுடிதாரை இழுத்தாள். பிறகு வலது கையைத் தூக்கி, விரல்களைக் குவித்து, உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

"என்ன கேக்கறது குழந்தை?" என்றார் சார்.

"தண்ணி கேக்கறா!" என்று ரோஹிணி கத்தினாள். "அங்கிள், தண்ணி கேக்கறா! அழல! கேக்கறா!"

சார் பதறிப் பாட்டிலைத் திறந்து முழுவதையும் அவள் கையில் கொடுத்துவிட்டார். பாதி அவர் செருப்பில் கொட்டியது. எங்கள் மாடி வந்து கதவு திறந்து மூடியது, யாரும் இறங்கவில்லை.

எனக்கு மட்டும் இன்னொன்று தெரிந்தது. குழந்தையின் கை நேராக உதட்டுக்குப் போகவில்லை. நெஞ்சருகே வந்து ஒரு கணம் நின்றது. காத்திருந்தது. பிறகுதான் போனது. விரல் மடங்கி வரும்வரை நீ காத்திருப்பாயே, அதே இடம், அதே நிறுத்தம். அவள் விரலில் ஒரு குறையும் இல்லை. "தண்ணீர்" என்றால் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள்.

நாற்காலிக்கு அடியிலிருந்து அவள் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், ஐயப்பா.

உன் அக்கா


சிவகாசி
10.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஐயப்பன் வணக்கம். நாங்கள் மூவரும் சுகம். காற்று மோசம் என்று படத்திலேயே தெரிகிறது, உன் ஜன்னலுக்குப் பின்னால் எதிர்க் கட்டடமே இல்லை. முகமூடி போட்டுக்கொண்டு வெளியே போ. அத்தானையும் போடச் சொல்.

தீபாவளி கழிந்து போன ஞாயிறு நடந்த வகுப்பின்போது நீ வீட்டில் இல்லை. ரோஹிணி அவள் வீட்டிலிருந்தே வந்தாள். அவள் சொல்லியிருப்பாள், ஆனாலும் என் பக்கத்திலிருந்து நான் சொல்ல வேண்டும்.

உன் கடிதம் வந்ததும் ராஜாத்தியிடம் காட்டினேன். அவள் துள்ளிக் குதித்தாள். நான் கடிதத்தை மறுபடி படித்தேன். தண்ணீர் கேட்டது சந்தோஷம். ஆனால் என் ஊனம் அந்தக் குழந்தையின் கையில் ஏறிவிட்டதே. நாளைக்கு அவள் பள்ளிக்குப் போவாள். காது கேளாத மற்றப் பிள்ளைகள் ஏன் இப்படி நிறுத்துகிறாய் என்று கேட்பார்கள். திருத்திவிட வேண்டும், பிறகு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டு நான் விலகிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்காக ஒரு வாரம் இடது கையால் பழகினேன். என் இடது கை இப்போது நன்றாகத் தேறியிருக்கிறது, தங்கு தடையில்லாமல் போகிறது. ஞாயிற்றுக்கிழமை மேதா திரை முன்னால் வந்து உட்கார்ந்தாள். இந்த முறை நாற்காலியின் மேல். நான் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் "தண்ணீர்" என்று காட்டினேன். எங்கும் நிற்காமல், வழவழவென்று, பழைய எக்ஸ்பிரஸ் மாதிரி.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். மறுபடி காட்டினேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். எழுந்து திரைக்கு மிகவும் பக்கத்தில் வந்துவிட்டாள், அவள் முகமும் கையும் மட்டும்தான் தெரிந்தன. தன் வலது கையைத் தூக்கினாள். விரலைக் குவித்தாள். நெஞ்சருகே நிறுத்தினாள். அங்கே நிறுத்திவைத்துக்கொண்டே, பார்த்தாயா, இங்கே, என்பதுபோல் என் கண்ணைப் பார்த்தாள். பிறகுதான் உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

அக்கா, எனக்குத் தெரியவில்லை என்று நினைத்து அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

ரோஹிணி பின்னாலிருந்து சிரிக்கிறாள், கண்ணைத் துடைக்கிறாள். ராஜாத்தி என் முதுகில் ஒரு அடி வைத்தாள். நான் வாதாடவில்லை. மடியிலிருந்த வலது கையை வெளியே எடுத்தேன். அவள் காட்டிய மாதிரியே செய்தேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இன்று விருதுநகரில் சங்கக் கூட்டம். எட்டு மாதம் கழித்துப் போனேன். அந்த மதுரைக்காரர் என் கையைப் பார்த்து, "என்ன ஆச்சுப்பா?" என்றார். கத்தி நழுவிய கதையைச் சொன்னேன். நடுவில் பத்து இடத்தில் நின்றது. எல்லோரும் காத்திருந்தார்கள். முடித்துவிட்டு, "தில்லியில் ஒரு குட்டிப் பெண் இருக்கிறாள், அவள் என்னை மாதிரியே பேசுவாள்" என்று சொன்னேன். நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன்.

மூவரின் அன்பும் உனக்கும் அத்தானுக்கும். மேதாவுக்கு ஒரு முத்தம் கொடு.

உன் தம்பி,
ஐயப்பன்